ஈரலில் ஒளிந்திருக்கும் பகை

நமது தேசத்தில் கல்லீரல் நோயாளிக்கு மட்டும் ஒரு விசித்திரமான நியாயம் வழங்கப்பட்டு வருகிறது. மற்ற வியாதிக்காரர்களைக் கண்டால் ஜனங்கள் இரக்கப்படுகிறார்கள். வயிறு பருத்து, கால் வீங்கி, கண் மஞ்சளித்து ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் உட்கார்ந்திருப்பவனைக் கண்டாலோ, "குடித்தான், அனுபவிக்கிறான்" என்று ஒரே வார்த்தையில் தீர்ப்புக் கூறி விடுகிறார்கள். விசாரணை இல்லை, சாட்சி இல்லை, தீர்ப்பு மட்டும் உண்டு. பாமர ஜனங்கள் இவ்வாறு கூறினால் அறியாமை என்று விட்டு விடலாம். கற்றறிந்த வைத்தியர்களுள்ளும் சிலர் இதே தீர்ப்பை நோயாளியின் சீட்டில் எழுதி, அத்துடன் காரியம் முடிந்தது என்று கருதுவதே நம்மை இன்று எழுதத் தூண்டுகிறது. ஏனெனில் இத்தீர்ப்பினால் போவது நோயாளியின் மானம் மட்டுமன்று. பல சமயங்களில் அவனுடைய உயிரும் போகிறது.

மது கல்லீரலைக் கெடுக்கும் என்பதில் நமக்கு இரண்டாவது அபிப்பிராயம் கிடையாது. அது எத்தனை குடும்பங்களை நாசமாக்கியிருக்கிறது என்பதை நமது வாசகர்களுக்கு எடுத்துச் சொல்லத் தேவையுமில்லை. ஆனால் வைத்தியர்கள் ஸிர்ரோஸிஸ் என்று கூறும் கல்லீரல் சுருக்கத்துக்கு மது ஒன்றுதான் காரணம் என்று நினைப்பது பெரும் பிழை. உடற்பருமனாலும் நீரிழிவினாலும் ஈரலில் கொழுப்புச் சேர்ந்து அந்நிலை உண்டாகலாம். ஹெபடைடிஸ் பி, ஹெபடைடிஸ் ஸி என்ற இரண்டு வைரஸ்களினாலும் உண்டாகலாம். வாழ்நாளில் ஒரு துளி மதுவையும் தொட்டறியாத ஸ்திரீகளுக்கும் இந்நோய் வருவதை வைத்தியர்கள் கண்டிருக்கிறார்கள். இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. குடிப்பவனுடைய உடலில் வைரஸ் இராது என்று எந்தச் சாஸ்திரமும் சொல்லவில்லை. இரண்டும் ஒருங்கே சேர்ந்தால் ஈரல் இன்னும் விரைவாகக் கெடும். ஆகவே ஒருவன் குடிகாரன் என்று தெரிந்த மாத்திரத்தில் ரத்தப் பரீட்சையை நிறுத்தி விடுவது, வீட்டில் ஒரு திருடனைப் பிடித்ததும் மற்றவனைத் தேடாமல் கதவைச் சாத்திக்கொள்வது போன்றதாகும்.

இப்பகையின் பெருக்கம் எவ்வளவு? உலக சுகாதார ஸ்தாபனம் 2024ம் வருஷத்தில் வெளியிட்ட அறிக்கையைப் பார்ப்போம். 2022ம் வருஷக் கணக்குப்படி உலகில் 25 கோடியே 40 லட்சம் பேருக்கு ஹெபடைடிஸ் பி நீடித்த நோயாக இருக்கிறது. 5 கோடிப் பேருக்கு ஹெபடைடிஸ் ஸி இருக்கிறது. அவ்வொரு வருஷத்தில் மட்டும் இந்நோய்களால் மாண்டவர்கள் 13 லட்சம். இந்தியாவின் பங்கு என்ன? ஹெபடைடிஸ் பி உள்ளவர்கள் 2 கோடியே 98 லட்சம். ஹெபடைடிஸ் ஸி உள்ளவர்கள் 55 லட்சம். உலகமெங்கும் ஹெபடைடிஸ் பி உள்ளவர்களில் தமக்கு அந்நோய் உண்டென்று அறிந்தவர்கள் நூற்றுக்குப் பதின்மூன்று பேரே. சிகிச்சை பெற்றவர்கள் நூற்றுக்கு மூன்று பேர். மற்றவர்கள் தம் உடலில் ஒரு சத்துரு குடியிருப்பதையே அறியாமல் உழுகிறார்கள், நெய்கிறார்கள், உத்தியோகம் பார்க்கிறார்கள்.

அறியாமலிருப்பதற்குக் காரணம் அந்நோயின் சுபாவமேயாகும். பிரசவ சமயத்தில் தாயிடமிருந்து சேய்க்கும், சுத்தம் செய்யாத ஊசியாலும், பரீட்சிக்கப்படாத ரத்தத்தாலும், உடலுறவாலும் ஹெபடைடிஸ் பி பரவுகிறது. வளர்ந்த மனிதனைத் தொற்றினால் பெரும்பாலும் அவன் உடல் தானே அதை அடக்கி விடுகிறது. பச்சைக் குழந்தையைத் தொற்றினாலோ பத்துக்கு ஒன்பது குழந்தைகளின் உடலில் நிரந்தரமாகத் தங்கி விடுகிறது. பின்னர் இருபது முப்பது வருஷங்கள் வரை வலியில்லை, காய்ச்சல் இல்லை, மஞ்சள் காமாலை கூட இல்லை. மகோதரம் கண்டு வயிறு வீங்கும்போது ஈரலில் பெரும் பாகம் வடுவாகிப் போயிருக்கும். சிலருக்கு அதற்கும் முன்னரே புற்றுநோய் தோன்றி விடும்.

இவ்வைரஸை மனிதன் கண்டுகொண்ட வரலாறு ரஸமானது. அமெரிக்க விஞ்ஞானியான பரூக் ப்ளம்பர்க் பல தேசத்தாரின் ரத்தத்தை ஒப்பிட்டு ஆராய்ந்து வந்தார். அப்போது ஆஸ்திரேலிய ஆதிவாசி ஒருவரின் ரத்தத்தில் இதற்கு முன் அறியப்படாத ஒரு பொருளைக் கண்டு, 1965ம் வருஷத்தில் அதை வெளியிட்டார். 'ஆஸ்திரேலியா ஆன்டிஜன்' என்று பெயர் பெற்ற அப்பொருள் ஹெபடைடிஸ் பி வைரஸின் மேலுறை என்பது பிறகே தெரிய வந்தது. 1976ம் வருஷத்தில் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. ஈரல் புற்றுநோய்க்கும் இவ்வைரஸுக்கும் உள்ள உறவைத் தைவான் தீவில் நடந்த ஆராய்ச்சி 1981ம் வருஷத்தில் நிலைநாட்டியது. அங்கே 22,707 ஆண்களைப் பல வருஷங்கள் தொடர்ந்து கவனித்ததில், வைரஸைச் சுமந்தவர்களுக்கு ஈரல் புற்றுநோய் வரும் அபாயம் மற்றவர்களைவிட 223 மடங்கு அதிகம் என்று கண்டார்கள். புகையிலைக்கும் நுரையீரல் புற்றுநோய்க்கும் உள்ள உறவு கூட இவ்வளவு நெருக்கமானதன்று.

இதுவரை கூறியது வெளிப்படையாகத் தெரியும் பகை. இனிச் சொல்லப் போவது ஒளிந்திருக்கும் பகை. சாதாரணமாக ஆஸ்பத்திரிகளில் செய்யப்படும் பரீட்சை வைரஸின் மேலுறையை மட்டும் தேடுகிறது. அதற்கு ஸர்பேஸ் ஆன்டிஜன் பரீட்சை என்று பெயர். அது இல்லை என்று சீட்டு வந்தால் நோயாளிக்கு ஹெபடைடிஸ் பி இல்லை என்று முடிவு கட்டி விடுகிறார்கள். ஆனால் வைரஸ் தன் மேலுறையை ரத்தத்தில் காட்டாமலே ஈரல் அணுக்களின் உட்கருவுக்குள், ஒரு சிறு வளையமாகத் தன் வித்தை வைத்துக்கொண்டு வருஷக்கணக்கில் தங்கியிருக்கக் கூடும். வாசற்படியில் செருப்பைக் காணோம் என்பதால் வீட்டுக்குள் ஆள் இல்லை என்று கொள்ளலாமா?

இத்தாலி தேசத்து மெஸ்ஸினா நகர ஆராய்ச்சியாளர்கள் இதை அளந்து பார்த்தார்கள். ஹெபடைடிஸ் ஸி உள்ளவர்களும், ஸர்பேஸ் ஆன்டிஜன் இல்லாதவர்களுமான 200 பேரின் ஈரலைப் பரிசோதித்து 1999ம் வருஷத்தில் முடிவை வெளியிட்டார்கள். அவர்களில் 66 பேரின் ஈரலில் ஹெபடைடிஸ் பி வைரஸின் வித்து இருந்தது. அந்த 66 பேரில் 22 பேருக்குக் கல்லீரல் சுருங்கியிருந்தது. வித்து இல்லாத 134 பேரில் 26 பேருக்கே அந்நிலை. 2004ம் வருஷத்தில் அதே நகரத்தார் மற்றோர் ஆராய்ச்சியை வெளியிட்டார்கள். ஸர்பேஸ் ஆன்டிஜன் இல்லாத ஈரல் புற்றுநோயாளிகள் 107 பேரில் 68 பேரிடம் மறைந்த வைரஸ் அகப்பட்டது. புற்றுநோய் இல்லாத ஈரல் நோயாளிகள் 192 பேரில் 63 பேரிடம் மட்டுமே அது அகப்பட்டது. எல்லாத் தேசங்களிலும் ஒரே மாதிரியான முடிவு கிடைக்கவில்லை என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். மேலும், ஆரோக்கியமான ஈரலில் ஒளிந்திருக்கும் வைரஸ் பெரும்பாலும் கெடுதல் செய்வதில்லை. அதனால் யாரும் வீண் பீதி கொள்ள வேண்டாம். நாம் எச்சரிக்கை செய்வது ஏற்கெனவே ஈரல் சுருங்கியவர்களின் பொருட்டே. அவர்கள் விஷயத்தில் ஒரு பரீட்சையோடு நின்றுவிடாமல், வைரஸுக்கு எதிராக உடல் முன்பு போரிட்டதைக் காட்டும் கோர் ஆன்டிபாடி பரீட்சையையும், அவசியமானால் டி.என்.ஏ. பரீட்சையையும், ஹெபடைடிஸ் ஸி பரீட்சையையும் செய்வதே விவேகம்.

ஒளிந்திருப்பவன் வெளிவரும் சமயங்களும் உண்டு. வேறொரு நோய்க்காக உடலின் எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்துகளைக் கொடுக்கும்போதும், சிலவகைப் புற்றுநோய் மருந்துகளைக் கொடுக்கும்போதும், அடங்கியிருந்த வைரஸ் கிளர்ந்தெழுந்து ஈரலைத் தாக்கக் கூடும். ஹெபடைடிஸ் ஸியை ஒழிக்கும் புதிய மருந்துகளால் கூட இவ்வாறு நேரலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு இலாகா 2016ம் வருஷத்தில் எச்சரித்தது. முன்கூட்டிப் பரீட்சித்து அறிந்திருந்தால் தடுக்க மருந்து உண்டு. அறியாதிருந்தால் வைத்தியமே வினையாகும்.

"கண்டுபிடித்து என்ன பிரயோஜனம்? ஈரல் போனால் போனதுதானே?" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். இக்கேள்வி முப்பது வருஷங்களுக்கு முன் நியாயமாயிருந்திருக்கலாம். இன்று இல்லை. ஹெபடைடிஸ் பி வைரஸை முற்றிலும் ஒழிக்க முடியாவிடினும், டெனோபோவிர், என்டெகாவிர் முதலிய மாத்திரைகள் நாள் ஒன்றுக்கு ஒன்று வீதம் அதை அடக்கி வைக்கின்றன. ஈரல் மேலும் கெடுவதையும் புற்றுநோய் அபாயத்தையும் அவை குறைக்கின்றன. ஹெபடைடிஸ் ஸியையோ பன்னிரண்டு வாரங்களில், நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேர் அளவில், அடியோடு தீர்த்து விடலாம். அமெரிக்காவில் 2013ம் வருஷக் கடைசியில் இம்மருந்து வந்தபோது பன்னிரண்டு வாரச் சிகிச்சையின் விலை 84,000 டாலர். அடுத்த வருஷமே இந்தியக் கம்பெனிகள் அதைத் தயாரிக்க அநுமதி பெற்றன. விலை சாமான்யருக்கு எட்டும் அளவுக்கு வீழ்ந்தது. இந்திய மருந்துத் தொழிலாளியின் கைத்திறன் பல ஏழைத் தேசங்களைக் காத்தது. அம்மருந்து அவனுடைய ஊர்க்காரனுக்கே எட்டாமற் போனால் அதைவிட வெட்கக்கேடு வேறென்ன?

ஆனால் வைரஸ் அடங்கியதும் காவலைக் கலைத்து விடக் கூடாது. கல்லீரல் சுருங்கியவர்களில் வருஷந்தோறும் நூற்றுக்கு ஒருவர் முதல் எட்டுப் பேர் வரை புற்றுநோய்க்கு ஆளாகிறார்கள். வைரஸ் ஒழிந்தாலும் வடு இருக்கும் வரை அபாயம் உண்டு. ஆறு மாதங்களுக்கு ஒரு முறை அல்ட்ராஸவுண்டு படம் எடுத்துப் பார்த்தால் கட்டி சிறிதாயிருக்கும்போதே அகப்படும். அப்போது அறுவைச் சிகிச்சையாலோ, சூடேற்றி அழிக்கும் முறையாலோ, மாற்று ஈரல் பொருத்துவதாலோ பிழைக்க வைக்கலாம். ஷாங்காய் நகரத்தில் ஹெபடைடிஸ் பி உள்ள அல்லது ஈரல் அழற்சி கண்டிருந்த ஏறக்குறைய 19,000 பேரை இரு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவினரை ஆறு மாதத்துக்கொரு முறை படத்தாலும் ரத்தத்தாலும் பரீட்சித்து வந்தார்கள். அப்பிரிவில் ஈரல் புற்றுநோய் மரணம் நூற்றுக்கு முப்பத்தேழு பாகம் குறைந்தது என்று 2004ம் வருஷத்தில் அறிவித்தார்கள். பரீட்சைக்கு அழைக்கப்பட்டவர்கள் எல்லோரும் ஒழுங்காக வரவில்லை. அப்படியிருந்தும் இவ்வளவு பலன் கிடைத்தது.

நமது ஊர் மருந்தைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். காமாலை என்றதும் கீழாநெல்லியைத் தேடுவது நமது பாட்டிமார் காலத்து வழக்கம். சென்னை ஆராய்ச்சியாளர்கள், ப்ளம்பர்க்கும் உடனிருக்க, அம்மூலிகையைப் பரீட்சித்து 1988ம் வருஷத்தில் லான்ஸெட் பத்திரிகையில் முடிவை வெளியிட்டார்கள். மூலிகை உட்கொண்ட 37 பேரில் 22 பேரின் ரத்தத்திலிருந்து ஸர்பேஸ் ஆன்டிஜன் மறைந்தது என்றும், உட்கொள்ளாத 23 பேரில் ஒருவருக்கே மறைந்தது என்றும் கூறினார்கள். தேசாபிமானம் உள்ள எவருக்கும் இது மகிழ்ச்சி தரும் செய்தியே. ஆயினும் பிற்பாடு வெவ்வேறு இடங்களில் நடந்த பரீட்சைகளில் அப்பலன் கிடைக்கவில்லை. மேலுறை மறைந்தாலும் வித்து மறையாதிருக்கலாம் என்பதை மேலே கண்டோம். நமது பொருள் என்பதற்காகப் பொய்யான நம்பிக்கையை வளர்ப்பது தேசபக்தியாகாது. மூலிகையை விஞ்ஞான முறையில் மேலும் ஆராயட்டும். அதுவரை அதை மட்டும் நம்பிப் பரீட்சையையும் மாத்திரையையும் ஒருவரும் கைவிட வேண்டாம்.

தேசம் முழுதும் முனைந்தால் என்ன சாதிக்கலாம் என்பதற்கு எகிப்து ஓர் உதாரணம். நத்தையால் பரவும் ஒரு புழு நோயை ஒழிக்க அத்தேசத்தில் 1950 முதல் 1980 வரையிலான காலத்தில் சர்க்காரே ஊர் ஊராக ஊசி போட்டது. சுத்தம் செய்யாத ஊசிகளால் ஹெபடைடிஸ் ஸி லட்சக்கணக்கானவர்களுக்குப் பரவி, உலகிலேயே அந்நோய் மிகுந்த நாடுகளில் ஒன்றாக எகிப்து ஆயிற்று. நன்மை செய்யப் போய் விளைந்த கேடு அது. ஆனால் அத்தேசம் தன் பிழையை மூடி மறைத்துக் கொண்டிருக்கவில்லை. 2018ம் வருஷ அக்டோபர் முதல் 2019ம் வருஷ ஏப்ரல் வரை ஏழு மாதங்களில் ஏறக்குறைய 5 கோடிப் பேரைப் பரீட்சித்து, நோய் கண்டவர்களுக்கு இனாமாக மருந்தளித்தது. 2023ம் வருஷத்தில் உலக சுகாதார ஸ்தாபனம் அதைப் பாராட்டி அங்கீகரித்தது. எகிப்து செல்வம் கொழிக்கும் நாடன்று. அவர்களால் முடிந்தது நம்மால் முடியாதா?

ஊசியைப் பற்றி நாமும் மார்தட்டிக்கொள்ள இடமில்லை. 2009ம் வருஷத்தில் குஜராத்திலுள்ள மோடாஸா ஊரில் உபயோகித்த ஊசிகளையே மறுபடி உபயோகித்ததால் ஹெபடைடிஸ் பி கொள்ளை நோய் போலப் பரவி, பலர் மாண்டார்கள். எதற்கெடுத்தாலும் ஊசி கேட்கும் நோயாளியும், கேட்டவுடன் போடும் வைத்தியரும் சேர்ந்தே அப்பாவத்தைச் செய்கிறார்கள்.

சர்க்கார் ஒன்றும் செய்யவில்லை என்று நாம் கூறவில்லை. 2018ம் வருஷம் ஜூலை 28ந் தேதி தேசிய வைரஸ் ஹெபடைடிஸ் தடுப்புத் திட்டம் தொடங்கப்பட்டது. பரீட்சையும் மருந்தும் இனாம் என்பது அத்திட்டத்தின் வாக்குறுதி. குழந்தைகளுக்கான ஹெபடைடிஸ் பி தடுப்பூசியும் சர்க்கார் அட்டவணையில் இருக்கிறது. தைவான் 1984ம் வருஷத்தில் குழந்தைகளுக்கு ஊசி போடத் தொடங்கிப் பத்து வருஷங்களில், சிறுவர்களின் ஈரல் புற்றுநோயைப் பாதியளவாகக் குறைத்தது. ஆனால் பிறந்த 24 மணி நேரத்துக்குள் முதல் ஊசி போட்டால்தான் தாயிடமிருந்து வரும் நோய் தடைப்படும். அதைத் தவற விட்டு அடுத்த மாதம் போடுவது வெள்ளம் வடிந்தபின் அணை கட்டுவது போன்றது.

குறை திட்டத்தில் இல்லை; திட்டத்துக்கும் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் நோயாளிக்கும் நடுவிலுள்ள தூரத்தில் இருக்கிறது. ஆகவே நாம் கேட்பது இவை. ஈரல் சுருக்கம் என்று எழுதப்படும் ஒவ்வொரு சீட்டிலும், அந்நோயாளி குடிப்பவராயினும் இல்லாவிடினும், இரண்டு வைரஸ்களின் பரீட்சை முடிவும் எழுதப்பட வேண்டும். மறைந்த வைரஸைத் தேடும் பரீட்சை ஜில்லா ஆஸ்பத்திரிகளில் இனாமாகக் கிடைக்க வேண்டும். அங்கே ஈரல் நோயாளிகளுக்கென ஒரு ஜாபிதா வைத்து, ஆறு மாதத்துக்கொரு முறை அவர்களைப் பெயர் சொல்லி அழைத்துப் படம் எடுக்க வேண்டும். வராதவர்களைத் தேடிச் செல்ல வேண்டும். சுகாதாரம் மாநில சர்க்காரின் பொறுப்பாதலால், சட்டசபை அங்கத்தினர்கள் இக்கணக்கை வருஷந்தோறும் கேட்டு வாங்க வேண்டும். கேட்காத கணக்கை எந்த இலாகாவும் தானாகக் காட்டியதில்லை.

பொதுஜன ஊழியர்களுக்கும் வேலை இருக்கிறது. வைரஸ் உள்ளவரோடு உண்பதாலும், அவரைத் தொடுவதாலும், ஒரே கூரையின் கீழ் வாழ்வதாலும் இந்நோய்கள் ஒட்டுவதில்லை. இருந்தும் உத்தியோகம் போய்விடும், கல்யாணம் நின்றுவிடும் என்ற பயத்தால் பரீட்சைக்கே போகாதவர்கள் அநேகர். சவரக் கத்தியைப் பகிர்ந்துகொள்ளக் கூடாது, ஹெபடைடிஸ் பி உள்ளவரின் கணவனோ மனைவியோ தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டும், இவ்வளவே ஜாக்கிரதை. இதை ஊர்ப் பொதுக்கூட்டங்களில் எடுத்துச் சொல்லுங்கள். மதுவிலக்குப் பிரசாரம் செய்பவர்கள் அப்பிரசாரத்தை இன்னும் தீவிரமாகச் செய்யட்டும். அதே மேடையில், கல்லீரல் நோயாளியை இகழாதீர்கள், ரத்தப் பரீட்சைக்கு அழைத்துச் செல்லுங்கள் என்றும் சொல்லட்டும்.

குற்றவாளிக்கும் விசாரணையின்றித் தண்டனை கூடாது என்பதற்காக நமது தேசத்தார் நெடுங்காலம் போராடினார்கள். அந்த நியாயம் நோயாளிக்கும் உரியது. "குடித்தான்" என்று சொல்லி முகத்தைத் திருப்பிக் கொள்ளுமுன், "பரீட்சித்தார்களா?" என்று ஒவ்வொருவரும் கேட்கட்டும். அந்த ஒரு கேள்வி பல குடும்பங்களின் விளக்கை அணையாமல் காக்கும்.